தண்ணி மருந்து

1. மரத்தூள்

முதல் நாள் வேலைக்குப் போகிறவளை உட்கார வைத்து ஒரு டீயாவது கொடுப்பார்கள் என்று நினைத்திருந்தேன். எனக்குக் கிடைத்தது புகை.

அரிமளத்துக்கும் திருமயத்துக்கும் நடுவில், தைலமரக் காட்டை ஒட்டி இருந்த சிறிய மின் நிலையம் அது. தைலமரக் கட்டையையும் முந்திரித் தோட்டையும் எரித்து, பாய்லரில் நீராவி உண்டாக்கி, டர்பைனைச் சுற்றவிட்டு மின்சாரம் எடுப்பார்கள். அதற்கு முன்பு ஒரு சர்க்கரை ஆலையில் கெமிஸ்டாக இருந்தேன். இங்கே தண்ணீர்ப் பிரிவு முழுவதும் என் பொறுப்பு. ஜி.எம். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இங்கிட்டு எல்லாம் ஒரே தூசியும் சாம்பலுமா இருக்கும்மா, பரவாயில்லையா?" என்று கேட்டார். "சர்க்கரை ஆலையில மட்டும் என்ன சார், பூவா கொட்டிக் கெடந்துச்சு?" என்றேன். அந்தப் பதில் அவருக்குப் பிடிக்கவில்லை. அதன் பிறகு நான் சொன்ன பல பதில்களும் அவருக்குப் பிடிக்கவில்லை.

பாய்லர் தண்ணீரில் கெமிக்கல் கலக்கிற டோசிங் ரூமைக் காட்ட என்னை அழைத்துப் போனவர் முருகேசன். ஷிஃப்ட் ஆபரேட்டர், பக்கத்து ஊர்க்காரர், நல்ல வேலைக்காரர். வந்த கையோடு வேலையையும் முடித்துவிடுவோம் என்று நினைத்தாரோ என்னவோ, ஒரு கேனைத் தூக்கி டோசிங் டேங்கில் சாய்த்தார். கையில் கிளவுஸ் இல்லை, கண்ணுக்குக் கண்ணாடி இல்லை. கேன் வழுக்கி, பாதி டேங்கிலும் மீதி தரையிலுமாகக் கொட்டியது. பார்ப்பதற்குத் தண்ணீர் மாதிரியே இருந்தது. அம்மோனியா வாடை மூக்கில் ஏறியது.

"ஒண்ணுமில்ல மேடம், நம்ம தண்ணி மருந்துதான்" என்று சொல்லிக்கொண்டே மூலையில் இருந்த கூடையை எடுத்து, அதிலிருந்த மரத்தூளை அள்ளி அதன் மேல் தூவினார். அந்த நிலையத்தில் எது கொட்டினாலும் மரத்தூள்தான். எண்ணெய் கொட்டினால் மரத்தூள், கிரீஸ் கொட்டினால் மரத்தூள், மழைத்தண்ணீர் உள்ளே வந்தாலும் மரத்தூள். கட்டை அறுக்கிற இடத்தில் மலை மாதிரி குவிந்து கிடக்கும் பொருளை யார்தான் காசு கொடுத்து வாங்குவார்கள்?

நான் கேனின் மேலிருந்த லேபிளைப் படித்தேன். ஹைட்ரஸின் ஹைட்ரேட், எண்பது சதவீதம்.

"தண்ணி! தண்ணி கொண்டாங்க, சீக்கிரம்!" என்று கத்தினேன். முருகேசன் ஓடினார். திரும்பி வந்தபோது அவர் கையில் ஒரு சில்வர் டம்ளர் இருந்தது. "குடிங்க மேடம், மொத நாளு, வாடை சேரல போல."

அவரைத் திட்டுவதா சிரிப்பதா என்று யோசிக்க நேரமில்லை. மரத்தூளின் ஓரத்தில் மெல்லியதாகப் புகை கிளம்பிவிட்டது. வெளியே சுவரில் இருந்த ஃபயர் ஹோஸை நானே இழுத்து வந்து திறந்தேன். மரத்தூள், கூடை, என் புதுப் புடவையின் கீழ்ப்பாதி எல்லாம் நனைந்தன. தரை முழுவதும் வெள்ளம் போனது. புகை அடங்கியது. அதற்குப் பிறகும் நான் ஹோஸை மூடவில்லை. முருகேசனை அதே தண்ணீரில் கைகளைக் காட்டச் சொல்லி, போதும் போதும் என்று அவர் கெஞ்சும்வரை நிற்க வைத்தேன். கெஞ்சிய பிறகும் விடவில்லை.

சத்தம் கேட்டு ஜி.எம். வந்தார். நனைந்து நின்ற என்னையும் கருகிய மரத்தூளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தண்ணிக்குப் போடுற மருந்துல எப்படிம்மா தீ புடிக்கும்?" என்றார்.

இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்வதுதான் அடுத்த பல வருடங்களுக்கு என் வேலையாக இருந்தது.

2. பெயிண்டர் எழுதியது

புதிதாக இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்காக இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன்.

பாய்லருக்குப் போகிற தண்ணீரில் ஆக்ஸிஜன் கரைந்திருக்கும். அந்தச் சூட்டிலும் அழுத்தத்திலும் அது இரும்புக் குழாயை உள்ளிருந்தே அரித்துக் குழி போட்டுவிடும். டீஏரேட்டர் என்ற பாத்திரத்தில் தண்ணீரைச் சூடாக்கி ஆக்ஸிஜனில் பெரும்பகுதியை விரட்டுகிறோம். போகாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் கொஞ்சத்தைப் பிடிக்கத்தான் ஹைட்ரஸின். பள்ளிக்கூடத்தில் ஒடுக்கி என்று படித்திருப்பீர்கள், அந்த இனம். ஆக்ஸிஜனைக் கண்டால் விடாது. அதைப் பிடித்து, தானும் உடைந்து, வெறும் நைட்ரஜனாகவும் தண்ணீராகவும் மாறிவிடும். உப்பு எதையும் மிச்சம் வைக்காது. அதனால் பாய்லர்காரர்களுக்கு இதன் மேல் தனிப் பிரியம். தேவைப்படுவதோ துளியூண்டு.

பாய்லரோடு இதன் வேலை முடிவதில்லை. நாம் போடுகிற செருப்பின் அடிப்பாகம் மெத்தென்று இருக்கிறதே, அதை உப்ப வைக்கிற பொடியை இதிலிருந்து செய்கிறார்கள். கண்ணாடியின் முதுகில் வெள்ளி பூசுகிற இடத்தில் இது உண்டு. மின்சாரம் இல்லாமல் நிக்கல் முலாம் போடுகிற சில பட்டறைகளில் உண்டு. காசநோய்க்குக் கொடுக்கிற ஒரு முக்கியமான மாத்திரையின் ஆரம்பமே இதுதான். ஆக, மருந்து என்று சொல்வதில் ஒரு பங்கு உண்மை இருக்கத்தான் செய்கிறது. அந்த ஒரு பங்குதான் எங்களைப் படுத்தியது.

ஏனென்றால் கேனில் இருக்கும்போது இது சுத்தமான விஷம். தோலில் பட்டால் வெந்துபோகும். தோல் வழியாகவே உடம்புக்குள் இறங்கும். ஈரலைக் கெடுக்கும். நீண்ட நாள் பழகினால் புற்றுநோய் வரக்கூடும் என்று சந்தேகிக்கிறார்கள். மரத்தூள், சணல் சாக்கு, துணி, துருப்பிடித்த இரும்பு இவற்றில் ஊறினால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். குளோரின் மாதிரியான பொருளோடு கெட்டியாகக் கலந்தால் கொதித்துத் தெறிக்கும். வாடை வந்தால் ஒதுங்கிக்கொள்ளலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். வாடை தெரிகிற நேரத்தில் தேவைக்கு மேல் மூச்சில் போயிருக்கும்.

முதல் மாதத்திலேயே சண்டை போட்டு சில காரியங்களைச் சாதித்தேன். கேனைச் சாய்த்து ஊற்றுவதை ஒழித்து, மூடிய குழாய் வழியாகச் சின்ன பம்ப் மூலம் ஏற்றும்படி செய்தேன். ரப்பர் கிளவுஸ், கண்ணாடி, முகக் கவசம், ஏப்ரன் இல்லாமல் யாரும் உள்ளே போகக்கூடாது. கதவுக்குப் பக்கத்திலேயே ஒரு ஷவர். மரத்தூள் கூடை வெளியே போய், மணல் வாளி உள்ளே வந்தது. கொட்டினால் முதலில் நிறையத் தண்ணீர். அந்தத் தண்ணீரும் வெளிக் கால்வாய்க்குப் போகாமல் தனிக் குழிக்குப் போக வேண்டும். முருகேசன் முதலில் முணுமுணுத்தார். கையில் தோல் உரிந்து ஆறிய பிறகு முணுமுணுப்பதை நிறுத்திவிட்டார்.

நான் தோற்ற இடம் ஒன்று உண்டு, அது பெயர். எங்கள் பக்கத்தில் எல்லாமே மருந்துதான். வயலுக்கு அடிப்பது மருந்து, எலிக்கு வைப்பது மருந்து, திருவிழா வாணத்துக்குள் இடிப்பதும் மருந்து. பாய்லர் தண்ணீரில் போடுவதால் ஹைட்ரஸினுக்குத் தண்ணி மருந்து என்று பெயர் வைத்துவிட்டார்கள். கேன்களைப் பூட்டி வைக்க ஒரு தனி அறை கேட்டேன். கொடுத்தார்கள். அதன் கதவில் பெயர் எழுத வந்த பெயிண்டரிடம் ஹைட்ரஸின் என்று எழுதிக் கொடுத்தேன். மறுநாள் போய்ப் பார்த்தால் பச்சை எழுத்தில், சுற்றிலும் பூ வேலையோடு, "தண்ணீர் மருந்து அறை" என்று இருந்தது.

ஜி.எம்.மிடம் போனேன். "நாந்தாம்மா மாத்தச் சொன்னேன். நீங்க எழுதிக் குடுத்த பேரு எவன் வாயிலயும் நுழையாது. பேரு எதுவா இருந்தா என்ன, வேலை நடந்தாச் சரி" என்றார்.

பூ வேலையையாவது எடுத்துவிடுங்கள் என்று கேட்டுப் பார்த்தேன். நன்றாகத்தானே இருக்கிறது என்றார்.

3. புரவியெடுப்பு நாள்

எங்கள் நிலையத்துக்குப் பக்கத்து ஊரில் பஞ்சாயத்து மேல்நிலைத் தொட்டி ஒன்று இருந்தது. அதில் தண்ணீர் ஏற்றித் திறந்துவிடும் டேங்க் ஆபரேட்டர் கருப்பையா. பிளீச்சிங் பவுடர் வந்து சேரத் தாமதமாகும் நாட்களில் எங்களிடம் வருவார். நாங்கள் குடிநீருக்கென்று வைத்திருக்கும் சோடியம் ஹைப்போகுளோரைட்டில், அதாவது குளோரின் கரைசலில், ஒரு கேன் கொடுத்து அனுப்புவோம். அவர் அதைக் கேட்கும் விதம் எப்போதும் ஒன்றுதான்: "தண்ணி மருந்து கொஞ்சம் வேணும்."

அவர் கேட்பது முருகேசனிடம். முருகேசன் அந்த ஊர்க்காரர். எந்தத் தண்ணி மருந்து என்று அவருக்குத் தெரியும். தண்ணீர் சுத்திகரிக்கிற ஆர்.ஓ. ஷெட்டிலிருந்து எடுத்துக் கொடுப்பார். இப்படியே பழகிப் போயிருந்தது. ஒரே பெயரில் இரண்டு பொருள் ஓடிக்கொண்டிருப்பதை, என்னையும் சேர்த்து, யாரும் கவனிக்கவில்லை.

அந்த ஊர் அய்யனாருக்குப் புரவியெடுப்பு வந்தது. மண் குதிரைகளைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போகிற திருவிழா. சிங்கப்பூரிலும் துபாயிலும் இருப்பவர்கள்கூட லீவு போட்டு வந்துவிடுவார்கள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பந்தி இருக்கும். முருகேசன் லீவில் போயிருந்தார். கருப்பையா காலையிலேயே எங்கள் கேட்டுக்கு வந்திருக்கிறார். செக்யூரிட்டி அவரை ஸ்டோர்ஸுக்கு அனுப்பிவிட்டார். ஸ்டோர்ஸில் இருந்தவர் சிங்காரம் அண்ணன். பல வருடம் கட்டை எடை போடும் இடத்தில் இருந்துவிட்டு, அப்போதுதான் ஸ்டோர்ஸுக்கு மாறியிருந்தார்.

நான் உள்ளே நுழையும்போதே அவர் சந்தோஷமாக வந்தார்.

"மேடம், பஞ்சாயத்துலருந்து வந்தாக. தண்ணி மருந்து கேட்டாக. குடுத்துவிட்டேன்."

"சரிண்ணே. ஷெட்டுலருந்தா எடுத்தீங்க?"

"ஷெட்டா? இல்ல மேடம். அதான் ரூமு இருக்கே, பேரெழுதி. கோயில் காரியமாச்சேன்னு சீல் ஒடைக்காத புதுக் கேனாப் பாத்துத்தான் குடுத்தேன்."

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார். குற்றம் சொல்ல நான் வாயைத் திறந்தேன். ஆனால் அந்தக் கதவில் பச்சை எழுத்தில் எழுதியிருப்பதைத்தானே அவர் படித்தார்? கருப்பையா கேட்ட பொருளை, எழுதியிருந்த இடத்திலிருந்து, இருப்பதிலேயே நல்லதாகப் பார்த்துக் கொடுத்திருக்கிறார்.

கருப்பையாவின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. முருகேசனுக்குப் போட்டேன். அவர் எடுத்தார். பின்னால் மேளச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. "முருகேசன், டேங்க்! டேங்க் வால்வு! தெறக்க விடாதீங்க! கருப்பையாகிட்ட இருக்கறது நம்ம ஹைட்ரஸின்!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். "வாரேன் மேடம், நீங்க சாப்பிட வந்துருங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். திரும்பப் போட்டேன். இந்த முறை "வால்வு" என்ற ஒரே சொல்லை மட்டும் சொன்னேன், மறுபடி மறுபடி சொன்னேன். எதிர்ப்புறம் மேளச் சத்தம் திடீரென்று தூரமாகப் போனது. ஆள் ஓடுகிறார் என்று புரிந்தது.

டெஸ்ட் கிட்டையும் கிளவுஸையும் எடுத்துக்கொண்டு சிங்காரம் அண்ணனின் பைக்கில் பின்னால் ஏறினேன். வழி முழுக்க அவர் "ஆத்தா, ஆத்தா" என்று சொல்லிக்கொண்டே ஓட்டினார்.

நாங்கள் போனபோது தொட்டிக்குக் கீழே கூட்டம். பட்டு வேட்டியும் நெற்றி நிறைய விபூதியுமாக முருகேசன் தரையில் உட்கார்ந்து, வால்வு சக்கரத்தை இரண்டு கைகளாலும் கட்டிப் பிடித்திருந்தார். சுற்றி நின்று குடத்தோடு பெண்கள் ஏசிக்கொண்டிருந்தார்கள். "கிறுக்குப் புடிச்சிருச்சா ஒனக்கு? பந்தி வைக்கணும், எந்திரிடா!" என்று அவருடைய சொந்தச் சித்தியே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். அவர் அசையவில்லை.

கருப்பையா ஏணிக்குப் பக்கத்தில் நின்றார். ஒரு கை சிவந்திருந்தது. சட்டையைக் கழற்றிக் கீழே மாட்டிவிட்டு மேலே ஏறியிருக்கிறார், போன் சட்டைப் பையில்.

"ஊத்திட்டீங்களாண்ணே?"

"ஒரு மக்கு ஊத்துனேன் மேடம். மூக்குல சுள்ளுன்னு ஏறுச்சு, கையில வேற பட்டுருச்சு. புதுச் சரக்கு, காரமா இருக்கும்னு நெனச்சேன். பழைய பிளீச்சிங் பவுடர் கொஞ்சம் கெடந்துச்சு, வாளியில ரெண்டையும் கலந்து ஊத்துவோம்னு எறங்கி வந்தேன். அதுக்குள்ள இவன் வந்து உக்காந்துட்டான்."

அந்த வாளியைப் பார்த்தேன். அடியில் பவுடர் போட்டுத் தயாராக இருந்தது. பக்கத்தில் மூடி திறந்த கேன். அதில் ஊற்றியிருந்தால் அவர் முகத்திலேயே தெறித்திருக்கும். முதலில் கேனை மூடினேன். பிறகு அவரை அடிபம்புக்கு இழுத்துப் போய்க் கையை நீட்டச் சொல்லி, சிங்காரம் அண்ணனைப் பம்ப் அடிக்கச் சொன்னேன். "நான் சொல்ற வரைக்கும் நிறுத்தாதீங்க" என்றேன். அவர் அழுதுகொண்டே அடித்தார்.

4. மஞ்சள்

ஜி.எம். போனில் வந்தார். நடந்ததைச் சொன்னேன்.

"ஊர்க்காரங்களுக்குத் தெரியுமா?"

"இனிமேதான் சொல்லணும் சார்."

"சொல்லாதீங்கம்மா. பம்ப் ரிப்பேர்னு சொல்லுங்க. திருவிழாக் கூட்டம், ஆளுக்கு ஒரு கல்லைத் தூக்கிட்டு வந்துட்டா பிளான்ட்டே இருக்காது."

அவர் பயத்தில் தவறில்லை. ஆனால் நான் வேறொன்றை யோசித்தேன். பம்ப் ரிப்பேர் என்று சொன்னால், நாங்கள் நகர்ந்த அடுத்த நிமிடம் யாராவது புத்திசாலி பம்பைப் பார்த்துவிட்டு, நன்றாகத்தானே ஓடுகிறது என்று வால்வைத் திறந்துவிடுவான். முருகேசன் எவ்வளவு நேரம்தான் கட்டிப்பிடித்துக்கொண்டிருப்பார்? உண்மையான காரணத்தைச் சொன்னால் மட்டும்தான் அந்த வால்வை மூடி வைக்க முடியும்.

"சார், நான் உண்மையச் சொல்லப் போறேன். நீங்க குடிதண்ணி டேங்கர் ரெண்டு அனுப்புங்க, காலி டேங்கர் ஒண்ணு அனுப்புங்க."

"சொன்னீங்கன்னா நாளைக்கு உங்களுக்கு இங்க வேலை இருக்காதும்மா."

"வேலைய நாளைக்குப் பாப்போம் சார். தண்ணிய இன்னைக்கு அனுப்புங்க."

போனை வைத்தேன். அந்த வேலையை நம்பித்தான் என் வீடு ஓடியது. பயமாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

தொட்டியின் படியில் ஏறி நின்றேன். "இந்தத் தண்ணியில விஷம் கலந்திருக்கு. எங்க பிளான்ட்டுலருந்து தப்பான கேன் வந்துருச்சு. தப்பு எங்க மேலதான், கருப்பையா அண்ணன் மேல இல்ல. ஒருத்தரும் இதுல ஒரு வாய் குடிக்கக் கூடாது, ஆடு மாட்டுக்கும் வைக்கக் கூடாது" என்றேன்.

முருகேசனின் சித்தி குடத்தைக் கீழே போட்டார். "எங்களைக் கூண்டோட அனுப்பப் பாத்தீகளா?" என்று கேட்டார். "அதுக்காகத்தான் ஓடி வந்தேன் அத்தை. என்னைய ஏசுங்க, அடிக்கக்கூட செய்ங்க. ஆனா வால்வைத் தொடாதீங்க" என்றேன். ஏசினார்கள். நன்றாகவே ஏசினார்கள். ஆனால் முருகேசனின் கையைப் பிடித்து இழுத்த அதே சித்தி, இப்போது வால்வுக்கு மறுபக்கம் தானும் போய் உட்கார்ந்துகொண்டார். யாரையும் கிட்டே விடவில்லை.

ஒருவர், கழிவு வால்வைத் திறந்து தொட்டியைக் காலி செய்துவிடலாமே என்றார். அந்தக் குழாய் எங்கே போகிறது என்று கேட்டேன். ஊரணிக்கு என்றார்கள். மாடு தண்ணீர் குடிக்கிற ஊரணி. அதையும் மூடி வைக்கச் சொன்னேன்.

டேங்கர்கள் வந்தன. முன்னால் வந்த காரிலிருந்து ஜி.எம். இறங்கினார். நான் எதிர்பார்க்கவில்லை. நேராகக் கூட்டத்துக்கு முன்னால் போய்க் கையெடுத்துக் கும்பிட்டு, "மன்னிச்சுக்கங்க" என்றார். கருப்பையாவைத் தன் காரிலேயே புதுக்கோட்டைப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தார்.

தொட்டித் தண்ணீரைக் காலி டேங்கரில் உறிஞ்சி எங்கள் குழிக்குக் கொண்டுபோனோம். அங்கே அதை இன்னும் நீர்க்கச் செய்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குளோரின் கரைசல் விட்டு முறிக்க வேண்டும். ஊரில் தொட்டியை நிரப்புவது, கழுவுவது, உறிஞ்சுவது, டெஸ்ட் பண்ணுவது என்று வேலை சாயங்காலம் வரை நீண்டது. டெஸ்ட் எளிதானது. தண்ணீரில் ஒரு கரைசலைச் சில சொட்டுகள் விட்டால், ஹைட்ரஸின் இருந்தால் மஞ்சளாக மாறும். இல்லாவிட்டால் அப்படியே இருக்கும்.

முதல் சோதனைக் குழாயில் பளிச்சென்று மஞ்சள். பாய்லர் தண்ணீரில் நாங்கள் வைக்கிற அளவைவிட நூறு மடங்குக்கும் மேல். கழுவிய பிறகும் மஞ்சள். மறுபடியும் கழுவினோம், வெளிர் மஞ்சள். ஒவ்வொரு முறையும் கூட்டம் எட்டிப் பார்த்தது. "நல்ல நாள் அதுவுமா மஞ்சளைப் பாத்துப் பயப்பட வச்சுட்டாகளே" என்று ஒரு பெண் சொன்னதும், அத்தனை கோபத்திலும் நாலு பேர் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன். சிரிக்கும்போதே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

கடைசியில் குழாயில் நிறமே வரவில்லை. மூன்று இடத்தில் தண்ணீர் எடுத்துப் பார்த்தேன், வரவில்லை. இதற்கிடையில் குதிரைகள் கோயிலுக்குப் புறப்பட்டுவிட்டன. டேங்கர் தண்ணீரில் சமைத்த சோற்றை முருகேசனின் சித்தி எனக்கும் ஜி.எம்.முக்கும் இலை போட்டுப் பரிமாறினார். "சாப்பிடுங்க. இதுல மருந்து ஒண்ணும் கலக்கல" என்றார்.

5. பேரைச் சொல்லுங்க

மறுநாள் என் வேலை இருந்தது. அதைப் பற்றி ஜி.எம். பேச்சே எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. நான் பேசியது கதவைப் பற்றி.

"இன்னைக்கே அழிக்கணும் சார். ஹைட்ரஸின்னு எழுதி, கீழ விஷம்னு எழுதணும்."

"விஷம்னு எழுதுனா வர்றவங்க பயப்பட மாட்டாங்களா?"

"பயப்படணும்னுதான் சார் எழுதச் சொல்றேன்."

எழுதினார்கள், சிவப்பில், பூ வேலை இல்லாமல். கேன்களுக்குச் சிவப்பு மூடி, குளோரினுக்கு வெள்ளை மூடி, இரண்டுக்கும் வேறு வேறு கட்டடம். இதெல்லாம் எந்த நிலையத்திலும் செய்கிற காரியம்தான். நான் கூடுதலாகக் கொண்டுவந்த விதி ஒன்றே ஒன்று. எந்தக் கெமிக்கலையும் பெயரைச் சொல்லாமல் யாரும் கொடுக்கவும் கூடாது, வாங்கவும் கூடாது. மருந்து என்ற சொல்லை எங்கள் கேட்டுக்குள் தடை செய்தேன். தலைவலி மாத்திரைக்குக்கூட மாத்திரை என்றுதான் சொல்ல வேண்டும்.

கேலி செய்தார்கள். பெயர் வாயில் நுழையாமல் தவித்தார்கள். சிங்காரம் அண்ணனுக்குக் கடைசிவரை அது வரவில்லை. "மேடம், ஐதராபாத்து ரெண்டு கேன் வந்து எறங்கியிருக்கு" என்பார். திருத்திப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். ஐதராபாத்தை யாரும் குடிதண்ணீரில் ஊற்ற மாட்டார்கள். எனக்கு அது போதும். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அந்த அறைச் சாவியை அவர் யாரிடமும் கொடுத்ததில்லை. லீவு போட்டால் என் மேஜையில் வைத்துவிட்டுத்தான் போவார்.

ஒருநாள் தலைமை அலுவலகத்திலிருந்து பெரியவர்கள் சிலர் சுற்றிப் பார்க்க வந்தார்கள். ஜி.எம். விளக்கிக்கொண்டிருந்தபோது அவர் இடுப்பிலிருந்த வாக்கி டாக்கியில் முருகேசனின் குரல்: "மேடம், வெசம் ஏத்தியாச்சு, அளவு சரியா இருக்கு." வந்தவர்கள் திடுக்கிட்டு நின்றார்கள். முன்பாக இருந்திருந்தால் ஜி.எம். என்னைக் கடித்திருப்பார். இப்போது அவர் சாவகாசமாக, "அது விஷம்தான் சார். நாங்க அதை அப்படித்தான் கூப்பிடுவோம்" என்றார்.

கருப்பையாவின் கை ஆறியது. ஈரல் டெஸ்ட் பல மாதம் எடுத்தோம், எல்லாம் சரியாக இருந்தது. ஒவ்வொரு முறையும் ரிசல்ட் வரும்வரை எனக்குத்தான் சோறு இறங்காது. இப்போது நாங்கள் ஹைட்ரஸினை விட்டுவிட்டு, கையாள்வதில் அபாயம் குறைந்த வேறொரு பொருளுக்கு மாறிவிட்டோம். அதற்கும் கிளவுஸ் உண்டு, கண்ணாடி உண்டு, கதவில் அதன் முழுப் பெயர் உண்டு.

போன மழையில் கருப்பையா குளோரின் கேட்டு வந்தார். முருகேசன் வேறு வேலையில் இருந்தார். பாய்லரில் ஏதோ பிரச்சினை, எனக்கும் தலைபோகிற அவசரம். ஷெட்டிலிருந்து வெள்ளை மூடிக் கேனை நானே தூக்கிக்கொண்டு கேட்டுக்கு ஓடினேன்.

"இந்தாங்கண்ணே மருந்து, பத்திரமாக் கொண்டு போங்க" என்று நீட்டினேன்.

அவர் நீட்டிய கையைச் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டார். புறங்கையில் அந்தப் பழைய தழும்பு தெரிந்தது.

"பேரைச் சொல்லுங்க மேடம்" என்றார்.

அவசரம், மழை, உள்ளே என்னைக் கூப்பிடும் குரல்கள். நான் கேனைத் திருப்பி லேபிளை அவருக்குக் காட்டி, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன்: "சோடியம் ஹைப்போகுளோரைட்."

அவர் மூடியைப் பார்த்தார். தானும் ஒருமுறை மெதுவாக, பிழையில்லாமல் சொல்லிப் பார்த்தார். பிறகுதான் கேனை வாங்கிக்கொண்டார்.